இருபத்தோராவது கம்பி

ஓடிக்கொண்டிருக்கும்போது தடுமாறும் கணினியைச் சரிசெய்வதைவிட, பூட் ஆகும்போதே நின்றுவிடும் கணினியைச் சரிசெய்வது பல மடங்கு கடினம். ஓடும் கணினியில் பிழைச் செய்தி இருக்கும், பதிவுக் கோப்பு இருக்கும், அவற்றைப் படிக்கத் திரையும் கீபோர்டும் இருக்கும். முதல் ஓரிரு விநாடிக்குள் ஹேங் ஆகிவிட்டால் இவற்றில் எதுவுமே இன்னும் தொடங்கியிருக்காது. கர்சர் இடது மூலையில் நிற்கும், அவ்வளவுதான். அதே இயங்குதளம், அதே சிடி, பக்கத்து மேசைக் கணினியில் ஒரு தொல்லையும் இல்லாமல் ஏறும். இந்தப் பெட்டியில் மட்டும் ஏறாது.

அப்படி நின்றுபோன கணினிகளின் வரலாற்றில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வருகிறது: ஏ20. அது ஒரு கம்பி. செயலி நினைவகத்துக்கு முகவரி சொல்லும் கம்பிகளில் ஒன்று. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் ஏ20 என்பது இருபத்தோராவது கம்பி. அது பிறப்பதற்கு முன்பிருந்தே அதன் கதையைச் சொல்லியாக வேண்டும்.

1978-இல் இன்டெல் வெளியிட்ட 8086 செயலியில் இந்தக் கம்பியே கிடையாது. ஏ0 முதல் ஏ19 வரை இருபது கம்பிகள்தான். இருபதைக் கொண்டு 10,48,576 பைட்டுகளை, அதாவது ஒரு மெகாபைட்டை, எட்டலாம். ஆனால் அந்தச் செயலி முகவரியைக் கணக்கிடும் விதம் வேறு மாதிரியானது. செக்மென்ட் என்ற 16 பிட் எண்ணைப் பதினாறால் பெருக்கி, ஆஃப்செட் என்ற இன்னொரு 16 பிட் எண்ணை அதோடு கூட்டும். இரண்டும் பெரிய எண்களாக இருந்தால் கூட்டுத்தொகை ஒரு மெகாபைட்டைத் தாண்டி ஏறக்குறைய 64 கிலோபைட் தூரம் போய்விடும். அப்படித் தாண்டியதைச் சொல்ல இருபத்தோராவது கம்பி வேண்டும். அது இல்லாததால் மேல் பிட் தொலைந்து, பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99999-க்குப் பிறகு 00000-க்குத் திரும்புவதைப்போல, முகவரி மறுபடியும் அடியிலிருந்து தொடங்கும்.

யாரும் இந்தச் சுற்றிவருதலைச் சார்ந்திருக்காவிட்டால் கதையே இல்லை. ஆனால் சார்ந்திருந்தார்கள், அதுவும் மிகுந்த புத்திசாலித்தனத்தோடு.

எழுபதுகளின் சிறு கணினிகளில் பரவியிருந்த இயங்குதளம் கேரி கில்டால் எழுதிய சிபி/எம். அதில் ஓடும் நிரல் ஒரு கோப்பைத் திறக்க வேண்டுமானாலும், திரையில் ஓர் எழுத்தைக் காட்ட வேண்டுமானாலும், நினைவகத்தின் 5-ஆம் முகவரியை அழைக்கும். இயங்குதளத்துக்குத் தாவும் கட்டளை அங்கே இருக்கும். அந்தக் கட்டளைக்குள் 6-ஆம் முகவரியில் இருக்கும் எண்ணுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தனக்கு எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்பதை நிரல் அந்த எண்ணைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளும். 1980-இல் சியாட்டில் கம்ப்யூட்டர் ப்ராடக்ட்ஸ் நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் 8086-க்காக எழுதிய 86-டாஸ் பிறகு மைக்ரோசாஃப்ட்டின் கைக்கு வந்து எம்எஸ்-டாஸ் ஆனது. சிபி/எம் நிரல்களை அதிகம் திருத்தாமல் புதிய செயலிக்குக் கொண்டுவர முடிய வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. எனவே ஒரே எண் நினைவக அளவாகவும் இருக்க வேண்டும், அழைப்பை இயங்குதளத்தின் வாசலுக்கும் கொண்டுபோக வேண்டும்.

டாஸில் அதற்குக் கண்ட தீர்வைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஆஃப்செட்டாக 65,264 என்ற எண் வைக்கப்பட்டது. நினைவகம் அவ்வளவு பைட் என்று நிரல் எடுத்துக்கொள்ளும். அதோடு சேரும் செக்மென்ட்டோ, கூட்டுத்தொகை ஒரு மெகாபைட்டைத் தாண்டிச் சரியாக 192-ஆம் பைட்டில் போய் நிற்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்டது. இருபது கம்பி மட்டுமே உள்ள செயலியில் அது வெறும் 192-ஆம் முகவரி. டாஸுக்குள் தாவும் கட்டளை அங்கே வைக்கப்பட்டிருந்தது. இல்லாத ஒரு கம்பியின் மீது கட்டிய வழி அது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் 8088 செயலியிலும் இருபது கம்பிகளே இருந்தன. எல்லாம் ஒழுங்காக ஓடியது.

1982-இல் 286 வந்தது. அதில் முகவரிக்கு இருபத்து நான்கு கம்பிகள், 16 மெகாபைட் நினைவகம். பழைய நிரல்களுக்காக 8086-ஐப் போலவே நடந்துகொள்ளும் ஒரு முறையும் அதில் இருந்தது. ஆனால் அந்த முறையில் ஓடும்போது இருபத்தோராவது கம்பியைப் பூஜ்யத்தில் பிடித்துவைக்க இன்டெல் ஏற்பாடு செய்யவில்லை. கூட்டுத்தொகை ஒரு மெகாபைட்டைத் தாண்டினால் இப்போது உண்மையாகவே தாண்டும். 192-க்குத் திரும்ப வேண்டிய அழைப்பு, ஒன்றும் இல்லாத இடத்துக்குப் போய்விடும்.

1984 ஆகஸ்டில் 286-ஐ வைத்து பிசி/ஏடியை வெளியிட்ட ஐபிஎம் இதைக் கவனித்திருந்தது. பழைய கணினிக்காகக் காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் புதியதிலும் ஓட வேண்டும். அதற்காக ஏ20 கம்பியின் வழியில் ஒரு கேட்டை வைத்தார்கள். மூடியிருந்தால் அந்தக் கம்பியில் எப்போதும் பூஜ்யம், கணினி பழைய ஒரு மெகாபைட் உலகத்தில் இருக்கும். திறந்தால் முழு நினைவகமும் கிடைக்கும். அந்தக் கேட்டைத் திறந்து மூட யாராவது வேண்டுமே? கீபோர்டைக் கவனிக்க 8042 என்ற சிறு கட்டுப்படுத்தி சிப் பலகையில் இருந்தது. அதில் ஒரு பின் வேலையில்லாமல் இருந்தது. அதில் இணைத்துவிட்டார்கள்.

இந்த முடிவை நான் பழிக்கமாட்டேன். பழைய நிரலை வைத்துப் பிழைப்பவரை நினைத்துச் செய்த வேலை அது, மலிவாகவும் முடிந்தது. ஆனால் அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதுதான் இந்தக் கம்பியின் மீதிக் கதை முழுவதும். அந்த நாளிலிருந்து இந்தக் கணினிகளுக்காக இயங்குதளம் எழுதிய ஒவ்வொருவரும், தன் முதல் வேலைகளில் ஒன்றாக, கீபோர்டு சிப்பிடம் போய் நினைவகத்தைத் திறந்துவிடச் சொல்ல வேண்டியிருந்தது.

சொல்வதும் லேசில்லை. முதலில் 8042 ஓய்வாக இருக்கிறதா என்று அதன் நிலையைக் காட்டும் பிட்டைப் பார்க்க வேண்டும். ஓய்வானதும் 64 என்ற போர்ட்டில் ஒரு கட்டளை. மறுபடி காத்திருப்பு. பிறகு 60 என்ற போர்ட்டில் ஒரு பைட். அந்தப் பைட்டில் ஒரு பிட் ஏ20-க்கு. அதன் பக்கத்துப் பிட் செயலியை ரீசெட் செய்வது. அதைத் தவறிப் பூஜ்யமாக அனுப்பினால் கணினி அந்தக் கணமே முதலிலிருந்து தொடங்கும். எல்லாம் சரியாகச் செய்த பிறகும், சிப் மெதுவாக இயங்குவதால், கம்பி எப்போது உண்மையில் மாறும் என்பது பலகைக்குப் பலகை வேறுபடும்.

கேட் மூடியே இருந்தால் என்ன ஆகும்? ஏ20-இல் எப்போதும் பூஜ்யம் என்பதால் ஒன்றுவிட்டு ஒரு மெகாபைட் தொலைந்துபோகும். இரண்டாவது மெகாபைட்டுக்கு எழுதியது முதல் மெகாபைட்டில் விழும், நான்காவதுக்கு எழுதியது மூன்றாவதில் விழும். கெர்னலை ஒரு மெகாபைட் முகவரியில் ஏற்றும் இயங்குதளம், தன்னை அறியாமல் நினைவகத்தின் அடியில் ஏற்றிக்கொண்டிருக்கும். இன்டரப்ட் அட்டவணையும் பயாஸின் குறிப்புகளும் இருக்கும் இடம் அது. இதில் கொடுமை என்னவென்றால், எழுதியதைச் சரிபார்த்தால் சரியாகவே இருக்கும். ஒரு மெகாபைட் முகவரியில் எழுதி அதே முகவரியில் படித்தால் எழுதியதுதான் திரும்ப வரும். எழுதியதும் படித்ததும் ஒரே தவறான இடம் அல்லவா. சின்ன கெர்னலாக இருந்தால் கொஞ்ச தூரம் ஓடவும் கூடும். பிறகு எங்கேயோ, காரணத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வரியில் நின்றுபோகும். சில பயாஸ்கள் கேட்டைத் திறந்தே கொடுக்கும், சில மூடிக் கொடுக்கும். ஒரு பெட்டியில் ஏறி இன்னொன்றில் ஏறாமல் போவதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் வேண்டியதில்லை.

டாஸ் காலத்தில் இந்தக் கம்பிக்கு ஒரு நல்ல பயனும் கிடைத்தது. கேட்டைத் திறந்துவிட்டால், பழைய முறையிலேயே ஒரு மெகாபைட்டுக்கு மேல் 65,520 பைட்டுகளைத் தொடலாம். 640 கிலோபைட்டில் மூச்சுத் திணறிய டாஸுக்கு அது பெரிய வரம். 1991-இல் வந்த எம்எஸ்-டாஸ் 5 தன் பெரும்பகுதியை அங்கே ஏற்றிக்கொண்டது. அதற்காக ஏ20-ஐக் கையாளும் வேலை ஹைமெம் என்ற டிரைவருடையது. அதன் அமைப்பில் எந்தக் கணினி என்று குறிப்பிட ஒரு நீண்ட பட்டியல் இருந்தது: டோஷிபா, ஏசர், வைஸ், பிலிப்ஸ், ஹெச்பி வெக்ட்ரா எனப் பல. ஒரு கம்பியைத் திறக்க ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒரு வழி கண்டிருந்தார்கள் என்பதற்கு அந்தப் பட்டியலே சாட்சி. வழி பொருந்தாவிட்டால் ஏ20 கம்பியைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்று ஹைமெம் கைவிரித்துவிடும்.

டாஸ் மேலே போனதால் கீழே இடம் காலியானது. அங்கே முதல் 64 கிலோபைட்டுக்குள் ஏற்றப்பட்ட சில நிரல்கள், சுருக்கப்பட்ட கோப்பு கெட்டுவிட்டது என்று சொல்லி நின்றன. கோப்பு கெடவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பேக் முறையில் சுருக்கிய நிரல்கள் விரியும்போது அதே பழைய சுற்றிவருதலை நம்பியிருந்தன. கேட் திறந்திருந்ததால் முகவரி சுற்றி வரவில்லை. நிரலை 64 கிலோபைட்டுக்கு மேலே ஏற்றுவதற்கென்றே லோட்ஃபிக்ஸ் என்ற கட்டளையை டாஸ் 5-இல் சேர்த்துக் கொடுத்தார்கள். பத்தாண்டுக்கு முந்தைய ஒரு குறைபாட்டை நம்பி எழுதியவை இன்னும் எத்தனை என்று அப்போது எவராலும் சொல்லியிருக்க முடியாது. கேட்டை அகற்ற ஒருவரும் துணியாததன் காரணமும் அதுவே.

வன்பொருள் பக்கத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1987-இன் ஐபிஎம் பிஎஸ்/2, கீபோர்டு சிப்பைத் தவிர்த்து 92 என்ற போர்ட் வழியே கேட்டை உடனே திறக்கும் வழியைத் தந்தது. 1989-இல் வந்த 486-க்குள் 8 கிலோபைட் கேஷ் இருந்தது. வெளியே பலகையில் இருக்கும் கேட், செயலிக்குள்ளேயே கேஷுக்குப் போகும் முகவரியில் ஏ20-ஐ எப்படி மறைக்கும்? எனவே ஏ20-ஐ மறைப்பதற்கென்றே செயலியில் தனிப் பின் ஒன்று வைக்கப்பட்டது. பலகையின் ஒட்டுவேலை அன்று செயலிக்குள் குடியேறிவிட்டது.

ஏஎம்ஐ பயாஸ் போட்ட கணினிகளில் பூட் ஆகும்போது ஆறு பீப் ஒலி கேட்டால் 8042-இன் ஏ20 கேட்டில் கோளாறு என்று பொருள். திரையில் ஒன்றும் வராத பெட்டியைத் திறந்து பார்க்கும் மெக்கானிக்குக் கிடைத்த ஒரே தடயம் சில சமயம் அந்த ஆறு ஒலிகள்தான்.

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதல் லினக்ஸுக்கு வருவோம். அதில் ஏ20-க்காக இரண்டு சின்னத் துண்டுகள் இருந்தன. ஒன்று, 8042 ஓய்வாகும்வரை அதன் பிட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பது. மற்றது, கேட் உண்மையில் திறந்ததா என்ற சோதனை. ஒரு எண்ணில் ஒன்றைக் கூட்டு. பூஜ்ய முகவரியில் எழுது. ஒரு மெகாபைட் முகவரியில் இருப்பதோடு ஒப்பிடு. இரண்டும் ஒன்றாக இருந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு சுற்றிலும் எண்ணைக் கூட்டுவது எதற்கு என்றால், தற்செயலாக இரண்டு இடத்திலும் ஒரே எண் இருந்துவிடலாம். மாறிக்கொண்டே இருக்கும் எண் அங்கேயும் மாறினால்தான் இரண்டும் ஒரே இடம் என்பது உறுதி. சிப்பிடம் திறந்தாயா என்று கேட்பதை விட்டுவிட்டு, நினைவகத்தையே பார்த்துத் தெரிந்துகொள்ளும் இந்தச் சோதனை என் கண்ணில் பழுது பார்ப்பதற்கே இலக்கணம். ஆனால் கேட் திறக்காவிட்டால் அந்தச் சுற்றுக்கு முடிவே கிடையாது. ஒரு செய்தியும் காட்டாமல் கணினி அங்கேயே நிற்கும். ஹேங் ஆகிறது என்று பயனர் சொன்னது இந்த நான்கு கட்டளைகளைத்தான். தப்பான இடத்தில் எழுதிக்கொண்டே போவதைவிட நிற்பது எவ்வளவோ மேல். காரணத்தைச் சொல்லிவிட்டு நின்றிருக்கலாம்.

முதல் துண்டில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருந்தது. கீபோர்டு யுஎஸ்பிக்கு மாறிய பிறகு, 8042 சிப்பே இல்லாத பலகைகளும் வரத் தொடங்கின. சிப் இல்லாத போர்ட்டைப் படித்தால் பெரும்பாலும் எட்டு பிட்டும் 1 என்றே வரும். அதில் ஒரு பிட்டுக்குப் பொருள், இன்னும் வேலையாக இருக்கிறேன், பொறு என்பது. எல்லை வைக்காமல் எழுதிய இயங்குதளம் இல்லாத சிப்புக்காகக் காலவரையின்றிக் காத்திருக்கும். புத்தம் புதிய கணினி, பழுதில்லாத நினைவகம், நல்ல கெர்னல், இருந்தும் பூட் ஆகாது.

2007-இல் 2.6.23 பதிப்புக்காக லினக்ஸின் பூட் பகுதியை எச். பீட்டர் ஆன்வின் அசெம்பிளியிலிருந்து சி மொழிக்கு மாற்றி எழுதினார். அந்தப் பகுதியில் ஏ20-க்கென்று இன்றும் இருக்கும் சிறு கோப்பை, இயங்குதளம் எழுத ஆசைப்படும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பேன். முதலில் எதையும் தொடாமல், கேட் ஏற்கெனவே திறந்திருக்கிறதா என்று பார்க்கிறது. 512-ஆம் முகவரியில் எழுதி, ஒரு மெகாபைட்டுக்கு அப்பால் 512-இல் படிக்கும் அதே சோதனை. முடிந்ததும் அங்கே முன்பு இருந்த எண்ணைத் திருப்பி வைத்துவிடுகிறது. மூடியிருந்தால் பயாஸிடம் கேட்கிறது. மறுபடி சோதனை. பிறகு 8042. நிலையைக் காட்டும் பைட் முப்பத்திரண்டு முறை முழுக்க 1 ஆகவே வந்தால் சிப் இல்லை என்று முடிவு கட்டி நகர்ந்துவிடுகிறது. சிப்பிடம் பேசும் முன் இன்னொரு சோதனையும் உண்டு, ஏனென்றால் பயாஸ் தாமதமாகத் திறந்திருக்கலாம். 8042-க்குக் கட்டளை கொடுத்த பிறகு வெறுமையான ஒரு கட்டளையையும் அனுப்புகிறது. யுஎஸ்பி கீபோர்டைப் பழைய கீபோர்டாக நடிக்கவைக்கும் யுஹெச்சிஐ வன்பொருள் அதை எதிர்பார்க்கும். இருபது லட்சம் சுற்றுக்கும் மேல் பொறுமையாகச் சோதித்துவிட்டு, கடைசியாகத்தான் 92 போர்ட். அங்கேயும் ரீசெட் பிட்டைக் கவனமாக அணைத்துவிட்டே எழுதுகிறது. இந்த வரிசை முழுவதையும் 255 தடவைவரை திரும்பச் செய்யும். அதற்குப் பிறகும் முடியாவிட்டால், ஏ20 கேட் பதில் சொல்லவில்லை, பூட் செய்ய முடியாது என்று திரையில் எழுதிவிட்டு நிற்கும்.

இந்தக் கோப்பின் பல வரிகளுக்குப் பின்னால் எங்கோ ஏறாமல் நின்ற ஒரு கணினி இருக்கிறது, அதன் முன்னால் உட்கார்ந்து காரணம் தேடிய ஒருவர் இருக்கிறார். எந்த வழியை எந்த வழிக்கு முன்னால் வைப்பது என்பதுகூட அப்படித் தேடிக் கண்டதே. வெறும் ஒரு பிட்டை 1 ஆக்க இவ்வளவா என்று கேட்பவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. இவ்வளவும் வேண்டியிருந்தது.

கம்பியின் வாழ்க்கையில் எதிர்பாராத ஓர் அத்தியாயம் 2001-இல் வந்த மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ். அதன் உள்ளே இன்டெல் செயலி. அனுமதியில்லாத நிரல் ஓடாமல் தடுக்க, முகவரி வெளியின் உச்சியில் 512 பைட் இரகசிய ரோம் ஒன்றை ஒளித்துவைத்திருந்தார்கள். செயலி உயிர்பெற்றதும் முதலில் படிக்கும் இடம் அதுவே. ஆனால் 486 காலத்து ஏ20 மறைப்புப் பின் அந்தச் செயலியிலும் இருந்தது. அதைத் தரைமுனையோடு இணைத்தால் முதல் முகவரியில் ஒரு பிட் பூஜ்யமாகி, செயலி ஒரு மெகாபைட் கீழே போய்த் தொடங்கும். அங்கே இருப்பது இரகசிய ரோம் அல்ல, மாற்றி எழுதக்கூடிய ஃபிளாஷ் நினைவகம். காவல் முழுவதும் பயனற்றுப்போனது. 2005 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் மாநாட்டில் எக்ஸ்பாக்ஸ் பாதுகாப்பின் பிழைகளை விளக்கிய மைக்கேல் ஸ்டைல் இதையும் எடுத்துக்காட்டினார். சிபி/எம் நிரல்களுக்காகச் செய்த ஏற்பாடு ஒரு விளையாட்டுப் பெட்டியின் பூட்டைத் திறந்துவிட்டது.

பயாஸின் இடத்துக்கு யுஇஎஃப்ஐ வந்த பிறகு ஏ20-இன் தேவை குறைந்தது. ஃபர்ம்வேரே செயலியை 64 பிட் முறைக்குக் கொண்டுபோய்விட்டு இயங்குதளத்தை அழைக்கிறது. அந்த வழியில் வரும் லினக்ஸ் மேலே சொன்ன கோப்பைத் தொடுவதே இல்லை. புதிய 64 பிட் செயலிகளில் இந்தப் பின் இல்லாமலே போகலாம் என்று இன்டெல்லின் கையேடு சொல்கிறது. பழைய 16 பிட் முறையையே நீக்கிவிடும் எக்ஸ்86எஸ் என்ற திட்டத்தை 2023-இல் இன்டெல் முன்வைத்தது. 2024 டிசம்பரில் அதைக் கைவிட்டுவிட்டது.

இன்றும் சொந்தமாக ஒரு சிறு இயங்குதளம் எழுதிப் பார்க்கும் மாணவர்கள் இந்தக் கம்பியைச் சந்திக்கிறார்கள். கியூஎம்யூ போன்ற மெய்நிகர் கணினி, செயலியைப் பாவனை செய்யும்போது ஏ20 மறைப்பையும் சேர்த்தே பாவனை செய்கிறது. ஆனால் அங்கே பெரும்பாலும் பயாஸ் கேட்டைத் திறந்தே கொடுப்பதால், அதைத் திறக்க மறந்த நிரலும் ஓடிவிடும். எழுதியவர் மகிழ்ச்சியோடு அதைப் பென்டிரைவில் ஏற்றி ஒரு பழைய கணினியில் செருகுவார். அது நின்றுபோகும். அப்போது கெர்னலைப் புரட்டிப் பார்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கீழே ஓர் எண்ணை எழுதி ஒரு மெகாபைட்டுக்கு அப்பால் படித்துப் பார்க்க வேண்டும், எண்ணை மாற்றி இன்னொரு தடவையும் பார்க்க வேண்டும்.